மடக்குக் கத்தி

அலகு பிடிக்குள்ளேயே மடங்கி அடங்கும்படி செய்யப்பட்டு, மடியிலோ பையிலோ நாள்தோறும் உடன்கொண்டு செல்லப்படும் சிறு கத்தி மடக்குக் கத்தி எனப்படும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கத்தியே இவ்வினத்தின் புராதனத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். தமிழர்களிடையே இதற்கு நிகரானது மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுதும் ஊசியும் ஓலையை வாரும் கத்தியும் ஒரே பிடியில் மடங்கிக்கொள்ளும் அந்த அழகிய கருவி, காகிதமும் பேனாவும் பரவியபின் வழக்கொழிந்தது.

இலங்கையின் கீழ்க்கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என வரிசையாய் அமைந்த முஸ்லிம் ஊர்களில், மேற்கே வயலும் கிழக்கே கடலும் இடையே கைத்தறியும் ஜீவனோபாயமாக இருந்துவருவதால், கயிறறுக்கவும், நெல்மூட்டையின் வாய்த்தையலைப் பிரிக்கவும், வலைநூல் நறுக்கவும், பாக்குவெட்டி கைக்கெட்டாத வேளையில் பாக்குச் சீவவும் ஒரு சிறு கத்தி எப்போதும் வேண்டியிருக்கிறது.

பிரித்தானியர் ஆட்சியில் குடியேற்ற நாடுகளின் சந்தைகளை நிறைத்தவை ஷெபீல்ட் நகரத்துக் கத்திகள். பழைய முறைக் கத்தி என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த அமைப்பையே குறிக்கும்: கொம்போ மரமோ பதித்த பிடி, அதன் முதுகில் ஒரு வில், அவ்வில்லின் அழுத்தத்தால் மட்டுமே திறந்து நிற்கும் காபன் உருக்கு அலகு. சாதாரணச் சாணைக்கல்லில் நாலைந்து இழுப்பிலேயே கூர்மை ஏறிவிடுவது இவ்வுருக்கின் விசேஷ குணம். பாக்கின் துவர் பட்டு அலகு கறுத்துப்போவதைச் சிலர் கேடென்று எண்ணித் தேய்த்தெடுப்பர். உண்மையில் அக்கறுப்பு செந்துருவை ஓரளவு தடுக்கும் படலமாதலால் அதனைப் பேணுவதே முறை. உப்புக்காற்றுக்கு மட்டும் அப்படலம் போதாது; துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசாத அலகு கடற்கரையில் விரைவில் துருவேறும்.

இக்குறையை நீக்கியது, அதே ஷெபீல்டில் 1913இல் ஹரி பிரேர்லி உருவாக்கிய, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்காகும். சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தி பல கருவிகளை ஒரே பிடியில் சேர்த்திருந்தது. 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத்துளையும் பிடியில் கிளிப்பும் அமைத்து, ஒரு கையால் திறப்பதற்கும் காற்சட்டைப் பையின் விளிம்பில் மாட்டுவதற்கும் வழிசெய்தது. அதே தசாப்தத்தில் மைக்கேல் வாக்கர் அமைத்த உட்தகட்டுப் பூட்டு, திறந்த அலகு விரல்மேல் மடங்கிவிடும் அபாயத்தைத் தடுத்தது.

நவீனக் கத்தியின் சௌகரியங்கள் காற்சட்டை அணிவோரை மனத்திற்கொண்டு எழுந்தவை என்பது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. சாரத்தின் மடியில் கிளிப் பயனற்ற பாரமே; மெல்லிய பழைய கத்தியோ அங்கே உறுத்தாமல் கிடக்கும். ஆகவே வயலுக்குச் செல்லும் போடியாருக்கு, அதாவது வயற்சொந்தக்காரருக்கு, பழையதே உத்தமம். ஆடும் தோணியில் ஒரு கையால் விளிம்பைப் பற்றிக்கொண்டு, ஈரக்கையால் நைலோன் நூலை அறுக்கவேண்டிய கடற்றொழிலாளிக்கோ, துருவேறாத அலகும் உறுதியான பூட்டும் ஆடம்பரமல்ல, அத்தியாவசியம்.