கண்டிச் சீமையில் கடன் கொடுத்தவர்கள்

பத்திரிகைத் தொழிலில் நான் கால் வைத்த புதிதில், எவரும் விரும்பாத ஒரு வேலையை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏல அறிவித்தல்களுக்கு அச்சுப்பிழை திருத்தும் வேலை. செய்தியில் ஓர் எழுத்து மாறினால் மறுநாள் வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட்டுவிடலாம். ஏல அறிவித்தலில் ஒரு பேர்ச் மாறினால் வழக்கறிஞரின் கடிதம் வரும். ஆகவே சொல்லுக்குச் சொல் படித்தேன். வடக்கே ஓடை, கிழக்கே இன்னாருடைய தேயிலைக் காணி, தெற்கே கிராம சபை வீதி, மேற்கே வேறொருவருடைய வீட்டுத் தோட்டம். கம்பளை, கடுகண்ணாவை, தெல்தெனிய, ஹேவாஹெட்டை என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளை நான் முதலில் அறிந்துகொண்டது இப்படித்தான். யாரோ ஒருவர் இழந்துகொண்டிருந்த காணிகளின் எல்லைகளாக.

அந்தக் காணிகள் எப்படிப் போயின என்று கேட்டால், கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பழைய தலைமுறையினரிடம் ஒரே விடை இருந்தது. "ஹெட்டியா எடுத்துக்கொண்டான்" என்பார்கள். ஹெட்டியா என்றால் செட்டியார். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வட்டிக்கு விட்டு நிலத்தை விழுங்கினார் என்ற இந்தக் கதை பிற்காலத்தில் செட்டியாரோடு நிற்கவில்லை. செட்டியார் தமிழர், ஆகவே தமிழர் நிலத்தைப் பறித்தனர் என்று மேடைகளில் அது வளர்ந்தது. கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதி உண்மைதான். மறுபாதியை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கம்பளையிலும் கன்னொறுவையிலும் கோப்பி வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதாகக் கருத வழி செய்தது. கண்டிக் குடியானவரின் சேனைக்குப் பத்திரம் ஏது? நிலம் அரசிடமிருந்து தோட்டத் துரைகளுக்குப் போயிற்று. நிலம் வாங்கவும் கோப்பி நடவும் பணம் வேண்டுமே, அதற்காக 1841 இல் ஒரு வங்கி தோன்றியது. அதன் பெயரும் இலங்கை வங்கிதான். இன்றுள்ளதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1847 இல் இலண்டனில் பண நெருக்கடி வந்து கோப்பி விலை சரிந்தபோது அது ஆட்டங்கண்டு, ஓரிரு ஆண்டுகளில் வேறு வங்கியோடு கலந்து மறைந்தது. அந்தக் கலப்பின் வழியே வந்ததுதான் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1870 ஐ ஒட்டி ஆண்டுக்குப் பத்து இலட்சம் அந்தர் அளவில் கோப்பி ஏற்றுமதியானபோது, துரைகளுக்குக் கடன் கொடுப்பதில் முன்னின்ற வங்கி அது.

1869 இல் இலைத்துரு நோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த வங்கியும் 1884 மே 3 ஆம் திகதி கதவடைத்தது. அக்காலத்தில் வங்கிகளே நாணயத் தாள் அச்சிட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓரியண்டல் வங்கியின் தாளை வைத்திருந்தவர்கள் கையில் ஒரே நாளில் வெறுங்காகிதம் மிஞ்சியிருக்கும். ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்தார். துணிச்சலான செயல், அவருக்கு அந்தப் பெருமை உரியது. அதன் பின்னர் நாணயத் தாள் வெளியிடும் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டுகளில், அதே அரசு, கண்டிக்குத் தென்கிழக்கே வலப்பனையில் என்ன செய்துகொண்டிருந்தது? 1878 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் நெல் வரியை ஆண்டுதோறும் பணமாகக் கட்டச் சொன்னது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும். கிராமத்தார் கையில் காசு புழங்கியதற்குக் காரணம் வீட்டுத் தோட்டத்தில் நின்ற நாலு கோப்பி மரங்கள். துரையின் கோப்பியைத் தின்ற நோய் அந்த மரங்களை விட்டுவைக்குமா? வரி நிலுவையாயிற்று. அரசு வயல்களை ஏலத்தில் விற்றது. மிகச் சிறிய நிலுவைக்கும் வயல் போனது. ஊரை விட்டு வெளியேறியவர்களையும் பட்டினியால் இறந்தவர்களையும் பற்றி நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே எழுதினார். அதிகாரி ஒருவர் தம் அரசின் ஏல மணிக்கு எதிராக எழுதிய அறிக்கை என்பதால் அது இலண்டன் வரை பேசப்பட்டது. வரி நீங்குவதற்கு 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வங்கியின் தாளுக்கு அரசு பொறுப்பேற்கச் சில நாட்கள் போதும். வலப்பனை வயலுக்கு ஏறத்தாழப் பத்தாண்டு.

இனிச் செட்டியாரிடம் வருவோம். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை மலைகளை மூடத் தொடங்கியது. வங்கிகள் எல்லாம் ஆங்கிலேயருடையவை. அவை ஆங்கிலேயத் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி வணிகத்துக்கும் பணம் தந்தன. உள்நாட்டான் ஒருவன், சிங்களவனோ தமிழனோ சோனகனோ, நேரே உள்ளே போய்க் கடன் கேட்க முடியாது. வங்கிக்கு அவனைத் தெரியாது. அவன் காணியோ பங்கு பிரிக்கப்படாத பரம்பரைச் சொத்து. ஏழு பேருக்கு உரிமையுள்ள காணியை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? ஆனால் வங்கிக்குச் செட்டியாரைத் தெரியும். சிராப்பு என்றழைக்கப்பட்ட இடையாள் ஒருவர் வங்கியில் இருந்துகொண்டு, எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு நம்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி அதற்குப் பிணையும் நிற்பார். வங்கி குறைந்த வட்டிக்குச் செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் தம் கைமுதலையும் சேர்த்துக் கூடிய வட்டிக்கு வெளியே விடுவார். கொழும்பு செட்டியார் தெருவில் தொடங்கிக் கண்டி நகரம் வரை வந்த பணத்தில் ஒரு பகுதி ஆங்கிலேய வங்கியின் பணம்தான். கடனாளியின் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் பாயில் அமர்ந்து பெட்டகத்தைத் திறந்த மனிதர்.

அவர் கருணைக் கடலாக இருந்தார் என்று நான் சொல்லவில்லை. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், கடன் கொடுப்போர் எழுதி வாங்கும் வாக்குறுதிச் சீட்டில் உண்மையான முதல் எவ்வளவு, முன்கூட்டியே பிடித்துக்கொண்ட வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று தனித்தனியே காட்ட வேண்டும் என்று விதித்தது. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதிலிருந்தே அதற்கு முன் நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். சீட்டில் எழுதிய தொகை ஒன்று, கையில் விழுந்த தொகை வேறொன்று. இதைச் செய்தவர்கள் செட்டியார்கள் மட்டுமல்லர்; எல்லா இனத்திலும் வட்டிக்காரர் இருந்தனர்.

1925 இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்தது. வங்கிகள் மிரண்டு செட்டியார்களுக்கான கடனை இறுக்கின. நான்கே ஆண்டில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம். தேயிலை, இறப்பர், தேங்காய் மூன்றும் ஒன்றாக விழுந்தன. வங்கி செட்டியாரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. செட்டியார் கடனாளியிடம் கேட்டார். கடனாளியிடம் பணம் இல்லை, காணி இருந்தது. வழக்கு, தீர்ப்பு, ஏலம். தோட்டக்காரர் ஆகும் நோக்கமே இல்லாத பல செட்டியார்கள் தோட்டச் சொந்தக்காரர் ஆனது இக்காலத்தில்தான். விலை வீழ்ந்த நிலத்தை வைத்துக்கொண்டு அவர்களில் சிலரும் நொடித்தனர். ஆனால் நிலம் போனவன் வீட்டில் அந்தக் கணக்கை யார் சொல்லப் போகிறார்கள்? நீதிமன்றப் பத்திரத்தில் இருந்தது செட்டியாரின் விலாசம். வங்கியின் பெயர் எங்கும் இல்லை. ஒரு நூற்றாண்டுப் பழி அந்த விலாசத்தின் மேல் விழுந்தது.

நீதியான கடனுக்கு முயற்சியே நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். கண்டி மாவட்டத்து மெனிக்ஹின்னவில் 1906 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. நாட்டின் முதலாவது அது என்பர். அரச ஈட்டு வங்கி 1931 இல் வந்தது. ஆனால் தெளிந்த உறுதிப் பத்திரம் உள்ளவருக்கே அதன் கதவு திறந்தது. 1934 இல் சேர் சொராப்ஜி போச்கன்வாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. உள்நாட்டவருக்குக் கடன் கிடைப்பதில்லை என்ற முறையீட்டைக் கேட்டு, அரச உதவியுடன் ஒரு வங்கி வேண்டும் என்றது. 1938 இன் கட்டளைச் சட்டத்தின்படி 1939 ஆகஸ்ட் 1 ஆம் திகதி இன்றைய இலங்கை வங்கி பிறந்தது. கொழும்புக்கு வெளியே அதன் முதற் கிளை திறக்கப்பட்ட இடம் கண்டி, ஆண்டு 1941. கடன் இணக்கச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சென்னையில் ஆர்பத்நட் நிறுவனம் 1906 இல் முறிந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்த பிறகு, 1907 இல் எழுந்தது இந்தியன் வங்கி. அது 1932 இல் கொழும்புக்கு வந்தது. வெள்ளையர் நிறுவனம் விழுந்தால்தான் நம்மவர் வங்கி எழும் என்பது இரு கரைக்கும் பொதுவான வரலாறு போலும்.)

இவ்வளவு நேரம் நான் பேசியது காணி உள்ளவர்களின் கதை. அந்த மலைகளில் காணியே இல்லாத இலட்சக்கணக்கானோர் இருந்தனர். தோட்டத் தொழிலாளி தமிழ்நாட்டிலிருந்து புறப்படும்போதே கடனாளி. வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கங்காணிக்குத் துரை 'துண்டு' கொடுக்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய துரை கட்டுவார். கடன் ஆட்களோடு இடம் மாறும். குடியானவன் ஈடு வைத்தது காணியை. தோட்டத்து ஆளோ தானே ஈடு. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் லயத்து அறை அவனுக்குச் சொந்தமாகவில்லை. 1948 இல் குடியுரிமையும் போனது. 1951 இல் வெளிவந்த கண்டிக் குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கை, காணி இழந்த கண்டிச் சிங்களவரின் துயரை விரிவாகப் பதிந்தது; பதிய வேண்டிய துயரம்தான். பக்கத்து மலையில் இழப்பதற்கே காணி இல்லாதவர்களுக்கு அப்படி ஓர் ஆணைக்குழு அமரவில்லை.

இடையில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1961 இல் இலங்கை வங்கி அரசுடைமையானது; மக்கள் வங்கி தோன்றியது. 1888 இல் இரு துரைகள் ஹட்டனில் தொடங்கிய சிறு வங்கி, 1970 இல் கிரின்லேஸ் வங்கியின் கண்டி, நுவரெலியாக் கிளைகளையும் சேர்த்துக்கொண்டு ஹட்டன் நேஷனல் வங்கி ஆயிற்று. வங்கிகள் நம்மவருடையவை ஆயின. கடனாளியின் நிலை?

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், அரச வங்கிகளிடம் முன்பே இருந்த ஓர் அதிகாரத்தைப் பிற வங்கிகளுக்கும் கொடுத்தது. 'பராட்டே' என்று நம் பத்திரிகைகள் எழுதும் அதிகாரம். கடன் தவறினால் வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, வர்த்தமானியிலும் மும்மொழி நாளேடுகளிலும் வெளியிட்டு, ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. பழைய செட்டியார் கூட வழக்குப் போட்டு, நீதிபதி முன் நின்று, சீட்டு உண்மையானது என்று காட்ட வேண்டியிருந்தது. அச்சீட்டு அநியாயமானது என்று கடனாளி முறையிட 1918 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இங்கே கடன் கொடுத்தவரே வழக்காளி, அவரே தீர்ப்பாளர். வைப்பாளரின் பணத்தைக் காக்க இது வேண்டும் என்று வங்கியாளர்கள் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. பெருங்கடன்காரர்கள் வழக்கை இருபது ஆண்டு இழுத்தடித்ததையும் பார்த்திருக்கிறேன். எனினும் தவறாகக் கணக்கிடப்பட்ட வட்டியைக் கேள்வி கேட்க ஏலத்துக்கு முன் ஓர் இடம் வேண்டாமா? மூன்றாமவர் ஈடு வைத்த சொத்தை இப்படி விற்க முடியாது என்று 2006 இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. 2011 இல் வந்த திருத்தம், முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் சிறு தொழில்கள் வரிசையாக ஏலத்துக்கு வந்தபோது, 2024 இல் பராட்டே தற்காலிகமாக நிறுத்தப்பட்டு 2025 மார்ச் 31 வரை அந்த நிறுத்தம் நீண்டது.

தோட்டத்துப் பெண்ணுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவளிடம் ஈடு இல்லை. ஆகவே அவளுக்குக் கிடைத்தது நுண்கடன்: ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க, வாரந்தோறும் வசூலிக்க ஆள் வரும் கடன். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 2018 இல் அரசு வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. கண்டி அதில் இல்லை. அதை அடுத்து மத்திய வங்கி வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் முன்பு என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சில காலத்துக்கு முன் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய புது வீடு. ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி ஒருவர் தகரப் பெட்டியிலிருந்து காணிப் பத்திரத்தை எடுத்து, வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். பெட்டிக்குள் இரண்டு நகை அடகுச் சீட்டுகளும் கடன் குழுவின் கணக்குப் புத்தகமும் கிடந்தன. நான் எல்லைகளை வாசித்தேன். வடக்கே இன்னாருடைய காணி என்றதும், "அது நம்ம ராசாத்தி வீடுங்க" என்று சுட்டிக் காட்டினார். நான்கு எல்லையிலும் அவருக்குத் தெரிந்தவர்களின் பெயர்கள்.

"ஐயா, இத வச்சா பேங்கில காசு குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், வாசலில் நின்ற மகன் உள்ளே வந்து பத்திரத்தை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினான்.