இலவசமா கொடுத்த இசை, முதல் வாரமே 16 லட்சம் டாலர்! ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ன்னா என்ன?

வீட்டு விசேஷ வீடியோவில் ஒரு சினிமா பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் ‘காப்பிரைட் கிளெய்ம்’ வந்து நிற்கும். அதில் சூடுபட்டவர்கள் அடுத்துத் தேடுவது ‘நோ காப்பிரைட் மியூசிக்’. அந்த இசையெல்லாம் நிஜமாவே இலவசமா? கஷ்டப்பட்டு உருவாக்கியதை கலைஞர்கள் ஏன் சும்மா கொடுக்கணும்?

அமெரிக்காவின் ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ ராக் குழுவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2007-ல் பெரிய ரெக்கார்டு கம்பெனியை விட்டு வெளியே வந்த அந்தக் குழு, 2008 மார்ச்சில் ‘கோஸ்ட்ஸ் 1-4’ என்ற ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. பாடல் வரிகளே இல்லாத 36 இசைத் துண்டுகள். முதல் 9 இலவசம். அதை டொரண்ட் தளங்களில் ஏற்றியதும் குழுவேதான்! மொத்தமும் வேண்டும் என்றால் 5 டாலர். குழுத் தலைவர் ட்ரெண்ட் ரெஸ்னர் கையெழுத்திட்ட 2,500 சிறப்புப் பிரதிகள், ஒன்று 300 டாலர். அவை சில நாட்களில் காலி.

36 டிராக்குமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. அதாவது காசு கொடுத்து வாங்கியவர் ஊருக்கே காப்பி போட்டுக் கொடுத்தாலும் அது திருட்டு ஆகாது. அப்படியும் முதல் வாரத்தில் சுமார் 16 லட்சம் டாலர் வந்தது. அமேசானில் அந்த ஆண்டு அதிகம் விற்ற எம்பி3 ஆல்பமும் அதுதான். ஏற்கெனவே ரசிகர் பட்டாளம் இருந்ததால் இது முடிந்தது. புதுசா வருபவருக்கு இதே வசூல் வரும் என்று சொல்ல முடியாது.

அப்போ புதியவர்களுக்கு என்ன லாபம்?

கெவின் மேக்லியோட் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் காமெடி வீடியோக்களில் ஓடும் அவருடைய ‘ஸ்னீக்கி ஸ்னிட்ச்’ இசையைக் கேட்டிருப்பார்கள். பெயரைக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதுதான் அவருடைய நிபந்தனை. பெயர் போட முடியாதவர்கள் பணம் கட்டி உரிமம் வாங்கலாம். பெயர் போட்டால் அவருக்கு விளம்பரம், போடாவிட்டால் வருமானம்.

நிபந்தனைகள் உண்டு

2002 டிசம்பரில் அறிமுகமான இந்த உரிமங்களில் காப்பிரைட் கலைஞரிடமே இருக்கும். பெயர் குறிப்பிடணும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் பகிரணும் என்று எதெது வேண்டுமோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை கொடுத்த உரிமத்தைப் பின்னாடி திரும்பப் பெற முடியாது. கலைஞர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

‘கோஸ்ட்ஸ்’ ஆல்பத்துக்கு ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தது. அதிலுள்ள 34-வது துண்டை நெதர்லாந்தைச் சேர்ந்த யங் கியோ என்ற இளைஞர் தன் ‘பீட்’டில் சேர்த்தார். அந்த பீட்டை 30 டாலருக்கு வாங்கி லில் நாஸ் எக்ஸ் பாடியதுதான் ‘ஓல்டு டவுன் ரோடு’. 2019-ல் பில்போர்டு பட்டியலில் 19 வாரங்கள் முதலிடம், அன்றைக்கு அது சாதனை. விற்பனைக்கு வந்த பாட்டு என்பதால் இலவச உரிமம் இங்கே செல்லாது. முறைப்படி அனுமதி பெறப்பட்டு, ரெஸ்னரும் அவருடைய கூட்டாளி அட்டிகஸ் ராஸும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் சேர்ந்தார்கள்.

யூடியூபர்கள் கவனிக்க

தலைப்பில் ‘நோ காப்பிரைட்’ என்று இருந்தால் மட்டும் போதாது. ஏற்றியவர் உண்மையான உரிமையாளரா, உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் இருக்கா என்று பார்க்கணும். விளம்பர வருமானம் வரும் சேனல் என்றால் இது ரொம்பவே முக்கியம். சினிமா பாட்டை ஒருவர் சொந்தக் குரலில் பாடி ‘இலவசம்’ என்று போட்டிருந்தாலும், மெட்டும் வரிகளும் அவருடையவை அல்ல. பயன்படுத்தினால் கிளெய்ம் வரலாம்.