நேற்று வரை குடித்த குழந்தை இன்று பாலை மறுப்பது ஏன்?

பூஜை விடுமுறை முடிந்து வீடு திரும்பியாச்சு. நேற்று வரை ஒழுங்காகப் பால் குடித்த நான்கு மாதக் குழந்தை, இன்று மார்பருகே கொண்டுபோனாலே முதுகை வளைத்துக்கொண்டு அழுகிறது. ஊரிலிருந்து அம்மா போனில் "கண்ணு பட்டிருக்கும்" என்கிறார். பக்கத்து ஃப்ளாட் மாஷிமா "நொஜொர் லேகெச்சே" என்கிறார். மொழிதான் வேறு, விஷயம் ஒன்றே. குழந்தையின் தாய்க்கோ வேறு பயம்: "பால் வத்திப்போச்சா?"

பெரும்பாலும் இல்லை. இதற்கு 'நர்சிங் ஸ்ட்ரைக்' என்று பெயர். பந்த்துக்குப் பேர்போன கொல்கத்தாவில் இந்த ஸ்ட்ரைக்கும் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாட்களில் முடிந்துவிடும். சில சமயம் ஒரு வாரத்தைத் தாண்டும். ஒரு வயதுக்கு முன் குழந்தை தானாகப் பால்குடி மறப்பது அபூர்வம். மறந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கும். திடீரென நிறுத்தினால், ஏதோ தொந்தரவு செய்கிறது என்று அர்த்தம்.

முதலில் மூக்கைப் பாருங்கள். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கும். டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தா காற்று மோசமாகும்போது மூக்கடைப்பும் சளியும் சகஜம். மூக்கடைத்தால் குடிக்கவும் மூச்சு விடவும் ஒரே நேரத்தில் முடியாது. ஒரு பக்கம் மட்டும் மறுத்தால் காதுவலியாக இருக்கலாம், அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும். வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்று. 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் பிறகு தொடை வலிக்கும். பிடிக்கும் விதத்தை மாற்றினாலே சில குழந்தைகள் குடித்துவிடும். பல் முளைப்பதும் ஒரு காரணம்.

அம்மா பக்கமும் காரணம் உண்டு. புது சோப்பு, பூஜைக்குப் போட்ட பெர்ஃப்யூம், குழந்தை கடித்ததும் வலியில் கத்தியது. மார்பில் அழற்சி வந்தால் பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும். நாள் முழுக்க டாக் மேளம், பந்தல் வெளிச்சம், பத்துப் பேர் கை மாறிய அலுப்பு – பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

இன்னொன்று, பாட்டில். அதில் உழைக்காமலே பால் வரும். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தால், குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே செக்டர் ஃபைவ் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் 4 முறை போய்வரலாம் என்றும் 2017 சட்டத்திருத்தம் சொன்னது. உங்கள் ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியிடங்கள் எப்படி? 2018 நவம்பரில் சவுத் சிட்டி மாலில் பாலூட்ட இடம் கேட்ட தாய்க்கு, வீட்டு வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வரும்படி மாலின் ஃபேஸ்புக் பக்கத்தில் பதில் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே மன்னிப்பு. இப்படிப் பதற்றமும் அவசரமுமாகப் பாலூட்டுவது குழந்தைக்கும் தெரியும்.

சரி, என்ன செய்வது? வற்புறுத்தாதீர்கள்; தலையைப் பிடித்து அழுத்தினால் மறுப்பு இன்னும் கூடும். மங்கலான அறையில், சருமத்தோடு சருமமாக அணைத்துக்கொள்ளுங்கள். அரைத்தூக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில் எல்லாம் பாலைப் பீய்ச்சி எடுங்கள். இல்லாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். "பால் பத்தலை" என்ற பயம் உண்மையாவது அப்போதுதான்.

எடுத்த பாலை பாட்டிலில் அல்ல, பாலாடையில் கொடுங்கள். வங்காளிகள் இதற்கு 'ஜினுக்' வைத்திருக்கிறார்கள், சிப்பி வடிவக் கரண்டி. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். 25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். கொல்கத்தா மே மாதத்தில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ணுங்கள். அது குறைந்தாலும், காய்ச்சல், சோர்வு, வேகமான மூச்சு இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை பால் குடிப்பதையே நிறுத்தினால் அதை ஸ்ட்ரைக் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அது அபாய அறிகுறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.