சொன்னதைச் செய்யும் இயந்திரக் கை

மடத்துக்குளம் பக்கத்து நூற்பாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திர இரைச்சலில் அருகில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனால் மேஸ்திரி "பாபின் கொண்டாங்க" என்று குரல் கொடுக்கும்போது, 'பின்' என்று மட்டும் கேட்ட தொழிலாளியும் பாபினோடு வந்து நிற்கிறார். காதில் விழாத பகுதியை, அப்போது நடக்கும் வேலையைப் பற்றிய அறிவு நிரப்பிவிடுகிறது. இயந்திரத்துக்கும் இந்த வித்தையைக் கற்பித்தவர்களில் முன்னோடி, நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் பழைய மாணவர்!

அவர்தான் ராஜ் ரெட்டி. 1937-இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1958-இல் கிண்டியில் பட்டம் பெற்றார். 1966-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து முனைவரானார். 1968-இல் மெக்கார்த்தி, ரெட்டி முதலியோர் கணிப்பொறி ஒன்றுக்குக் கை, கண், காது மூன்றையும் பொருத்திய முயற்சியை வெளியிட்டனர். மேசைமேல் மரக்கட்டைகள், கண்ணாக ஒரு டெலிவிஷன் காமிரா, காதாக ஒரு மைக். "மூலையிலுள்ள சிறிய கட்டையை எடு" என்பது போன்ற கட்டளைகளைக் கேட்டு இயந்திரக் கை இயங்க வேண்டும்.

இதில் என்ன கடினம்? பேச்சு மைக்கில் மின்அலையாக மாறுகிறது. ஒரே சொல்லை ஒருவரே இருமுறை சொன்னாலும் அலை வடிவம் ஒன்றாயிராது. எழுத்தில் இருப்பதுபோல் சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது.

1969-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சென்ற ரெட்டியின் குழு, 'ஹியர்சே' என்ற முறையை உருவாக்கியது. அது வாய்மொழியாகச் சதுரங்கம் ஆடியது. ஒரு சொல் ஐயமாகக் கேட்டால், அந்த நிலையில் எந்தக் காய் எங்கே நகர முடியும் என்று பார்க்கும். நகர முடியாதவற்றைத் தள்ளிவிடும். நம் தொழிலாளி செய்ததும் இதுதானே! அங்கேயே 1976-இல் உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்தது. 1994-இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் ரெட்டிக்கு டூரிங் விருது கிடைத்தது.

2022-இல் கூகுள் ஆய்வாளர்களின் ரோபாட், பானம் கொட்டிவிட்டது என்று தெரிவித்ததும் துடைக்கப் பஞ்சு எடுத்து வந்தது. பஞ்சு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஊகம் தவறினால்? சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் போகும். ஆலையில் ஒருவரின் விரல் போகலாம். ஐயம் வந்தால் நம் தொழிலாளி "என்னங்க?" என்று திருப்பிக் கேட்பார். கட்டளைக்குக் கீழ்ப்படியும் இயந்திரம் அந்த ஒரு சொல்லையும் கட்டாயம் கற்றாக வேண்டும்.