வட்டியில்லா தவணையில் சோபா, கட்டில், பீரோ... கடையில் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி!

போத்தனூர் ஜங்ஷன் பக்கத்தில் புதுசாக ஒரு வாடகை வீடு. கல்யாணம் முடிந்து மூணு மாசம் ஆகிறது. அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சியதோடு கையில் இருந்த சேமிப்பு பாதிக்கு மேல் காலி. ஹாலில் ரெண்டு பிளாஸ்டிக் சேர், பெட்ரூமில் பாய். அடுத்த வாரம் சொந்தக்காரங்க வேறு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உக்கடம் தாண்டி டவுனுக்குள் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நுழைகிறீர்கள்.

"சோபா, கட்டில், பீரோ மூணும் சேர்த்து 60,000-ங்க. மாசம் 5,000 கட்டுனா போதும். வட்டியே இல்லீங்க!"

கடை ஓரத்தில் டேபிள் போட்டு ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ரெண்டு ஓ.டி.பி... சில நிமிஷத்தில் கடன் ரெடி. கட்டில் வீட்டுக்குத் தேவைதான், தவணையில் வாங்குவதும் தப்பில்லை. ஆனால், அந்த 'வட்டியே இல்லீங்க' என்ற வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஓ.டி.பி சொல்வதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

இப்போது கடன் கொடுப்பது கடை இல்லை

தவணை நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டில் தவணை முறை வியாபாரத்தைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் வி.ஜி.பன்னீர்தாஸ். அவருடைய வி.ஜி.பி நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த வசந்தகுமார், 1978-ல் 'வசந்த் அண்ட் கோ'வைத் தொடங்கி, அதே தவணை முறையில் வீட்டு உபயோகப் பொருள்களை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனார். அந்தக் காலத்துத் தவணையில் பொருள் விற்றதும் கடை, பணம் வசூலித்ததும் கடை. பொருளில் பிரச்னை என்றால் நேராக அங்கேயே போய்க் கேட்கலாம்.

இப்போது 'ஸ்டோர் கிரெடிட்' என்று சொன்னாலும், பெரும்பாலும் கடன் கொடுப்பது ஒரு வங்கியோ, ஃபைனான்ஸ் கம்பெனியோதான். கடைக்காரருக்குப் பணம் மொத்தமாகப் போய்விடும். அடுத்த 12 மாசம் உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் மட்டும்தான் கணக்கு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது?

சும்மா பணம் கொடுக்க யாரும் கம்பெனி நடத்துவதில்லை. பூஜ்யம் சதவிகித வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டியைப் பிராசஸிங் ஃபீஸ் என்ற பெயரில் மறைத்து வாங்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

இன்றைய 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'-யில் வட்டி உண்டு. அதைக் கடையோ, பொருளைத் தயாரிக்கும் கம்பெனியோ தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தள்ளுபடி ரொக்கம் கொடுப்பவருக்கும் கிடைக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிடைக்கும் என்றால், தவணையில் வாங்கும் நீங்கள்தான் மறைமுகமாக அந்த வட்டியைக் கட்டுகிறீர்கள்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஏனுங்க, மொத்தமா ரொக்கமா குடுத்தா கடைசி விலை எவ்வளவுங்க?"

தவணைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன கணக்கு

நம் 60,000 ரூபாய் பில்லையே எடுத்துக்கொள்வோம். 12 தவணை, மாசம் 5,000. முதல் 2 தவணையை அன்றே கட்டச் சொல்கிறார்கள். பிராசஸிங் ஃபீஸ் 1,000, அதற்கு 18% ஜி.எஸ்.டி சேர்த்து 1,180. ஆக, முதல் நாளே உங்கள் கையில் இருந்து போவது 11,180. மீதி 10 தவணை.

ரொக்க விலையைக் கேட்டபோது, "54,000-க்குப் போட்டுத் தர்றேங்க" என்றார் என வைத்துக்கொள்வோம். அப்படியென்றால், நீங்கள் உண்மையில் வாங்கும் கடன் 54,000-ல் 11,180 போக 42,820 மட்டுமே. அதற்கு 10 மாசத்தில் திருப்பிக் கட்டுவது 50,000. கூடுதலாகப் போவது 7,180 ரூபாய். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் சுமார் 35%. 'வட்டியே இல்லீங்க' திட்டத்தின் வட்டி இது!

அதே கடை, அதே திட்டம். ஆனால், "ரொக்கம்னாலும் 60,000-தானுங்க, ஒரு ரூபா குறையாது" என்கிறார். இப்போது கூடுதல் செலவு அந்த 1,180 மட்டுமே. ஆண்டு வட்டி சுமார் 5%. இந்த விலைக்குத் தவணை நல்ல டீல்தான். கையில் இருக்கும் பணத்தை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு தாராளமாக இ.எம்.ஐ போடலாம்.

35 சதவிகிதமா, 5 சதவிகிதமா என்பதை முடிவு செய்தது அந்த ஒரு கேள்வியின் பதில்தான்.

'பிளாட் 10%' என்றால் 10% இல்லை

சில இடங்களில், "வட்டி உண்டு, ஆனா 10%-தான்" என்பார்கள். அது 'பிளாட்' வட்டியா என்று கேளுங்கள். 50,000 ரூபாய்க்குப் பிளாட் 10% என்றால், ஒரு வருஷத்துக்கு 5,000 வட்டி சேர்த்து 55,000-ஐ 12 ஆகப் பிரிப்பார்கள். நீங்கள் மாசாமாசம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 50,000-க்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 18%. பர்சனல் லோனோடு ஒப்பிடும்போது இந்த 18-ஐத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ போடுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கார்டு வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி உண்டு. 'நோ காஸ்ட்' என்று வட்டிக்குச் சமமான தள்ளுபடி கொடுத்தாலும், இந்த ஜி.எஸ்.டி உங்கள் தலையில்தான்.

தமிழில் கேளுங்க... 3 நாள் யோசிங்க!

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு 'கே.எஃப்.எஸ்' எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கொடுப்பது கட்டாயம். இதில் நமக்குச் சாதகமான நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

• வட்டி, ஃபீஸ் எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு 'ஏ.பி.ஆர்' என்ற பெயரில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

• கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அறிக்கை இருக்க வேண்டும். 'தமிழ்ல குடுங்க' என்று தைரியமாகக் கேட்கலாம்.

• அதில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

• அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது 3 வேலை நாள்களுக்குச் செல்லும். 'இன்னைக்கே சைன் பண்ணுங்க' என்ற அவசரத்துக்கு நீங்கள் ஆளாக வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: கடன் கொடுப்பவர் வாங்கும் கட்டணங்கள்தான் ஏ.பி.ஆரில் வரும். நீங்கள் இழந்த 6,000 ரூபாய் ரொக்கத் தள்ளுபடி எந்த அறிக்கையிலும் வராது. அதை நீங்களேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ், கார்டு ஃபீஸ், கூடுதல் வாரன்டி என்று கேட்காததைச் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோபா வரலை... தவணை வந்துடுச்சு!

கடன் கொடுப்பது கடை இல்லை என்று சொன்னோம் இல்லையா? அதன் விளைவு இங்கேதான் தெரியும். டெலிவரி தாமதமானாலும், வந்த கட்டிலில் விரிசல் இருந்தாலும், பேங்க் அக்கவுன்ட்டில் இருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் சிபில் ஸ்கோர்.

ஆகவே டெலிவரி தேதி, மரத்தின் வகை, ஃபிட்டிங் சார்ஜ், வாரன்டி எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தேக்கா, ரப்பர் மரமா, பார்ட்டிகிள் போர்டா என்பது பில்லில் இருந்தால்தான் பின்னால் பேச முடியும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சில கடைகள் 'கிரெடிட் நோட்' தருவார்கள், அதாவது அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அதனால் உங்கள் கடன் முடியாது. கடனை ரத்து செய்து, பணத்தை ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கடை மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. கடன் கொடுத்த நிறுவனத்தின் மீது என்றால், முதலில் அவர்களிடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் எண் 14448.

ஒரு மாசம் தவறினால்?

தவணை தேதி 2 அல்லது 5, உங்கள் சம்பளமோ 7-ம் தேதி... இந்த இடைவெளியில்தான் பலர் மாட்டுகிறார்கள். அக்கவுன்ட்டில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால், உங்கள் வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணமும் போடலாம். முடிந்தால் சம்பளத்துக்குப் பிறகு வரும் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

2025 ஜனவரி முதல், கடன் விவரங்கள் குறைந்தது 15 நாள்களுக்கு ஒருமுறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகின்றன. 5,000 ரூபாய் தவணையில் விட்ட கோட்டை, ரெண்டு வருஷம் கழித்து வெள்ளலூர் பக்கம் வீடு வாங்க ஹோம் லோன் கேட்கும்போது வந்து நிற்கும். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். கடைசித் தவணை முடிந்ததும் 'நோ டியூஸ்' சான்றிதழை வாங்கிவிட்டு, கடன் முடிந்ததாக ரிப்போர்ட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் தவணையில் வாங்கலாம்?

• தினமும் தேவைப்படும் கட்டிலும் மெத்தையும் முதலில். சோபா ஆறு மாசம் காத்திருக்கட்டும். வருபவர்கள் பாய் விரித்தால் உட்காராமலா போய்விடுவார்கள்?

• பொருள் உழைக்கும் காலத்தைவிடத் தவணைக் காலம் குறைவாக இருக்கட்டும். ரெண்டு வருஷத்தில் ஊதிப்போகும் போர்டு பீரோவுக்கு ரெண்டு வருஷக் கடன் வேண்டாம்.

• தெரிந்த ஆசாரியிடமும் ஒரு விலை கேளுங்கள். மரத்துக்கு அட்வான்ஸ், வேலை பாதியில் கொஞ்சம், முடிந்ததும் மீதி எனக் கொடுக்கலாம். வட்டியில்லாத தவணை இதுவும்தான்!

• வீட்டு மாடிப்படியை அளந்துவிட்டுக் கட்டில் வாங்குங்கள். வாடகை வீட்டுக்குக் கழற்றி மாட்டும் வகையே வசதி.

• ஏற்கெனவே கட்டும் பைக் லோன், போன் இ.எம்.ஐ-களோடு இந்தத் தவணையையும் கூட்டிப் பாருங்கள். வாடகையும் மளிகையும் போக மிச்சம் நிற்கவில்லை என்றால், இந்த மாசம் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போகும்போது போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "மாசம் எவ்வளவு?" என்பதை அவர்களே சொல்வார்கள். "மொத்தம் எவ்வளவு, ரொக்கம்னா எவ்வளவு?" என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.