கொலம்பியா ஆறும் சால்மன் மீனும்

கனடாவின் மலைகளிலே தோன்றி, ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன், ஒறிகன் மாநிலங்களினூடாகச் சென்று பசிபிக் சமுத்திரத்தை அடைவது கொலம்பியா ஆறு. ஓர் ஆற்றின் மீன்வளம் மனிதர் செயலால் எங்ஙனம் குன்றும் என்பதற்கு இவ்வாற்றின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இவ்வாற்றுக்குச் சிறப்பளித்தது சால்மன் மீன். அது மலையோடைகளிலே பிறந்து, ஆற்றுவழியே கடலையடைந்து, அங்கு வளர்ந்தபின், தான் பிறந்த ஓடையையே நாடித் திரும்பி முட்டையிட்டு மடிவது. ஆதலின் கடலுக்கும் மலைக்குமிடையே வழி திறந்திருத்தல் அதற்கு இன்றியமையாதது. செலைலோ அருவியின் பாறைகள்மேல் மரத்தட்டு அமைத்து நின்று, நீண்ட கம்பிற் கட்டிய வலையால் மீனை அள்ளுதல் அங்குள்ள முதற்குடிகளின் பன்னெடுங்கால வழக்கம். யாக்கமா, நெஸ் பேர்ஸ் முதலிய குடியினர் 1855 ஆம் ஆண்டின் உடன்படிக்கைகளால் நிலத்தின் பெரும்பகுதியை அரசுக்கு விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்டனர்.

1866 இல் இவ்வாற்றங்கரையில் மீனைத் தகரத்தில் அடைக்கும் முதலாவது தொழிற்சாலை எழுந்தது. 1883 இல் பிடிக்கப்பட்ட சால்மன் ஏறக்குறைய 4.3 கோடி இறாத்தல். ஆற்று வேகத்தாற் சுழன்று மீனை வாரும் பொறிச்சக்கரங்களும் பெருகின. பிடிப்பைக் குறைப்பதினும் மீனைச் செயற்கையாகப் பெருக்குவதே எளிது எனக் கருதினர் பலர். 1877 இலேயே கிளாக்கமஸ் கிளையாற்றில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. ஆயினும் குறைவு நின்றபாடில்லை.

அடுத்து வந்தவை அணைகள். 1938 இல் முடிவுற்ற பொனவில் அணையில் மீன்கள் ஏறிச் செல்லப் படிகளையுடைய மீனேணி அமைக்கப்பட்டது. ஆனால் 1942 இல் முடிவுற்ற, 550 அடி உயரமுள்ள கிறாண்ட் கூலி அணைக்கு அத்தகைய ஏணியில்லை. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட முட்டையிடும் நீர்நிலைகள் மூடுண்டன. நீரில் மூழ்கவிருந்த கெற்றில் அருவியிலே 1940 ஆம் ஆண்டு யூன் மாதம் முதற்குடிகள் ஒன்றுகூடி அழுது விடைபெற்றனர். அவ்வணை உலகப் போர்க்காலத்தில் அலுமினியத் தொழிலுக்கு மின்சாரம் அளித்ததும், பின்னர் வறண்ட நிலங்களை விளைநிலமாக்கியதும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும் நன்மை பெற்றோர் ஒரு சாரார். இழந்தோர் மற்றொரு சாரார்.

1957 மார்ச் 10 ஆம் நாள் டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்படவே, செலைலோ அருவி சில மணி நேரத்துள் மறைந்தது. நட்டஈடு வழங்கப்பட்டது, அருவி மீளவில்லை. மேலும், மீனேணி உதவுவது மேல்நோக்கி ஏறும் மீனுக்கே. கடலை நாடும் இளமீன்களோ தேங்கிய நீரிலே காலந்தாழ்ந்தும், நீர்ச்சுழலிகளிற் சிக்கியும் மாண்டன.

அட்லாந்திக் கரையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேற்குக் கரைக்குக் கொணரப்பட்ட ஷாட் என்னும் மீனுக்கோ இம்மாற்றம் வாய்ப்பாயிற்று. உல்லத்தை ஒத்த இம்மீன், செலைலோவின் தடை நீங்கியதும் மேலே பரவிப் பெருகியது. பொனவில் அணையைக் கடக்கும் ஷாட் பல ஆண்டுகளிற் சால்மனின் தொகையை விஞ்சுகின்றது. எனவே ஆற்றில் மீன் அற்றுப்போயிற்று என்பதினும், மீன்குலமே மாறிற்று என்பதே பொருந்தும்.

1969 இல் நீதியரசர் பெலோனி, உடன்படிக்கைக் குடிகளுக்கு மீனில் நியாயமான பங்கு உண்டெனத் தீர்ப்பளித்தார். உரிமை நிலைநாட்டப்பட்டது, ஆனால் பங்கிடவேண்டிய மீனோ அருகிவிட்டது. 1991 இல் சினேக் கிளையாற்றின் சொக்கை சால்மன் அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவிக்கப்பட்டது. 1992 இல் கடலினின்று ஏறத்தாழ 900 மைல் கடந்து றெட்பிஷ் ஏரியை அடைந்த சொக்கை ஒன்றே ஒன்று.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு பரிகாரம் கூறப்பட்டது: பிடிப்புக்குப் பொரிப்பகம், அணைக்கு ஏணி, அருவிக்குப் பணம். பரிகாரம் உண்டென்ற நம்பிக்கையே அடுத்த கேட்டுக்குத் துணிவளித்தது. 1855 இல் மீன்பிடிக்கும் உரிமையை எழுதிவைத்தோர், ஆறு ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதை எழுதவேண்டிய தேவையைக் கண்டிலர்.