வைத்தியரும் சுருட்டும்

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்ற சரக்கு. துலா மிதித்து நீரிறைத்து, குழை தாழ்த்து, எருவிட்டு உழவன் வளர்த்த அந்த இலையை விற்ற பணம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமாயிற்று. அப்பள்ளிகளிலிருந்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் வந்தனர், வைத்தியரும் வந்தனர். வைத்தியர் வாயில் சுருட்டைக் கண்டு முகஞ்சுளிக்குமுன் இந்த உறவை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்' அச்சேறிற்று. ஆயினும் புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அக்காலத்து வைத்திய உலகில் நிறுவப்படவில்லை. அதற்கு இன்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

அதை நிறுவ உதவியோரும் வைத்தியரே! 1951இல் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இருவர் பிரித்தானிய வைத்தியர்களின் புகைப்பழக்கத்தைக் கடித மூலம் விசாரித்தனர். விடையளித்தோர் 40,000 பேருக்கு மேல். பெயர்கள் பதிவேட்டில் இருந்தமையால், யார் எப்போது எந்நோயால் இறந்தார் என்று பின்தொடர்வது எளிதாயிற்று. 1954இல் முதல் முடிவு வெளிவந்தது. 2004இல் வெளியான ஐம்பதாண்டுக் கணக்கோ, இடைவிடாது புகைத்தோர் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக மாண்டனர் என்றது. பிரித்தானிய வைத்தியர் பலர் சிகரெட்டைக் கைவிட்டனர்.

ஆனால் அவ்வறிவு ஆங்கிலச் சஞ்சிகைகளில் வந்தது. சுருட்டுக் கொட்டிலில் நாள் முழுதும் குந்தியிருந்து இலை சுற்றியவனுக்கு அதை யார் எடுத்துரைத்தார்? கிறீன் நூறாண்டு முன் செய்த வேலையை அப்போது செய்தவர் மிகச் சிலரே.

வைத்தியசாலைக்குள்ளும் வர்க்கபேதம் புகைந்தது. பெரிய வைத்தியரின் சிகரெட் கௌரவம். சிற்றூழியரின் பீடி ஒழுக்கக்கேடு. தம் மேசையில் சாம்பற்கிண்ணத்தை வைத்துக்கொண்டே நோயாளியைக் கடிந்த ஒருவரை நாமே கண்டதுண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தியசாலைக்குள் புகைத்தலை எவர்க்கும் தடுத்துவிட்டது, நல்லதே.

எனினும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையே நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய்க்குப் பெருங்காரணங்களுள் ஒன்று. "புகைப்பீர்களா?" என்று வைத்தியர் கேட்கிறார். "இல்லை ஐயா" என்கிறாள் கிழவி. அவள் பொய் சொல்லவில்லை. கொடுப்புக்குள் அடக்கியிருப்பதைப் பற்றி அவளை எவரும் கேட்கவில்லை.